விழுந்தவன் வழக்கு எந்த நாட்டு வழக்கு?

முன்னொரு காலத்தில், மேற்கு மலைச்சாரலில் பொன்னருவி நாடு என்றொரு நாடு. அதை ஆண்டவன் விசித்திரவழுதி. நல்ல ராஜாதான், ஆனால் ஏதாவது ஒரு கேள்வி அவன் தலைக்குள் புகுந்துவிட்டால் பதில் கிடைக்கும்வரை சாப்பிட மாட்டான், அடுத்தவரையும் சாப்பிட விடமாட்டான்.

அந்த நாட்டுக்குப் பெருமையே அருவிதான். சாரல் தொடங்கினால் எட்டுத் திசையிலிருந்தும் ஜனங்கள் வந்து குவிவார்கள். அருவியை எதிரே நின்று பார்ப்பதற்காகப் பாறையை ஒட்டி உயரமாக ஒரு மரப்பரண் கட்டியிருந்தார்கள். அதற்கு அதிகாரி மாணிக்கராயர். அவருக்கு மந்திரி அறவாழியைக் கண்டாலே வயிறு எரியும். சபையில் மந்திரி வாயைத் திறப்பதற்கு முன்னால் தாம் திறந்துவிட வேண்டும் என்பது அவர் விரதம்.

ஒரு ஆனி மாதம் கடலோர நாட்டிலிருந்து சடையன் என்பவன் மனைவி மாடத்தியுடன் அருவி பார்க்க வந்தான். ஊர் ஊராக ஓலை கொண்டு ஓடுவது அவன் பிழைப்பு. வருஷமெல்லாம் ஓடியவன், ஒரு தடவையாவது நிதானமாக நடந்துபோய் எதையாவது பார்ப்போம் என்று கிளம்பியிருந்தான். பரணில் ஏறி, "அடியே மாடத்தி, இங்கே வந்து பாரேன்!" என்று கூப்பிட்டான். அவள் படியில் கால் வைப்பதற்குள் படாரென்று பரண் முறிந்தது. பாறையில் விழுந்தவனுக்கு வலது கால் இரண்டு இடத்தில் ஒடிந்துபோயிற்று. எலும்பு கட்டும் வைத்தியர், "நடக்க ஆறு மாசம். ஓடுவதைப் பற்றி இப்போது கேட்காதே" என்றார்.

கணவனைக் கட்டிலோடு தூக்கிவரச் செய்து மாடத்தி சபைக்கு வந்தாள்.

"மகாராசா, இவர் காலை நம்பித்தான் எங்கள் வீட்டில் உலை கொதிக்கிறது. உங்கள் பரண் ஒடித்த கால் இது. நியாயம் சொல்லுங்கள்."

மந்திரி எழுவதற்குள் மாணிக்கராயர் முந்திக்கொண்டார். "பிரபு, நம் சட்டம் நம் குடிகளுக்கு மட்டும்தான். வெளிநாட்டானுக்கு இங்கே ஏது வழக்கு? தன் நாட்டுக்குப் போய் முறையிடட்டும்!"

"அங்கேயும் ஆள் அனுப்பிக் கேட்டேன் சாமி. விழுந்த இடத்தில் போய்க் கேள் என்கிறார்கள்."

ராஜாவின் கண்கள் பளபளத்தன. "அட! கால் அந்த நாட்டுக் கால். விழுந்ததோ இந்த நாட்டில். அப்படியானால் வழக்கு யாருடையது?"

சபையில் அமளி எழுந்தது. "ஊன்றியது வெளிநாட்டுக் கால், பிரபு!" என்றார் ஒருவர். "ஒடித்தது உள்நாட்டுப் பாறையாயிற்றே!" என்றார் இன்னொருவர். "விழும்போது நடுவானத்தில் இருந்தானே, அது எந்த நாடு?" என்று ராஜாவே ஒன்றைச் சேர்த்துவிட்டான். கட்டிலில் கிடந்த சடையன் வலி தாங்காமல் முனகினான்.

மாடத்திக்குப் பொறுக்கவில்லை. விறுவிறுவென்று நடந்தாள். மாணிக்கராயர் கையிலிருந்த வெள்ளிப்பூண் போட்ட தடியைப் பிடுங்கினாள். "இந்தாங்க, எழுந்திருக்கும்போது ஊன்றிக்கொள்ள ஆகும்" என்று கணவனிடம் கொடுத்தாள்.

"திருடி! பட்டப்பகலில், ராஜசபையில்! பிடியுங்கள் இவளை!" என்று அலறினார் மாணிக்கராயர். காவலர்கள் பாய்ந்து வந்தார்கள்.

மாடத்தி மாணிக்கராயர் பக்கம் திரும்பினாள். "எந்தச் சட்டப்படி பிடிப்பீர்கள் ஐயா? உங்கள் சட்டம்தான் வெளிநாட்டாரைத் தொடாதே! எங்கள் நாட்டுக்கு வந்து முறையிடுங்கள். நாலு நாள் நடைதான்."

"என்ன திமிர்! திருட்டு நடந்தது இங்கே. விசாரணையும் இங்கேதான் நடக்கவேண்டும்!"

சொன்ன பிறகுதான் தாம் சொன்னது மாணிக்கராயர் காதில் விழுந்தது. ராஜா தொடையில் தட்டிச் சிரித்தான். "கிடைத்துவிட்டது பதில்! திருட்டு நடந்த இடத்தில் விசாரணை என்றால், கால் ஒடிந்த இடத்திலும் விசாரணைதானே? தண்டிக்க மட்டும் வருகிற சட்டம், காக்க வரமாட்டேன் என்றால் அது என்ன சட்டம்?"

மாடத்தி தடியைக் கணவனிடமிருந்து வாங்கி மாணிக்கராயரிடமே நீட்டினாள். "உங்கள் பொருள் எங்களுக்கு எதற்கு ஐயா?"

மாணிக்கராயர் விடவில்லை. "பிரபு, 'ஏறுபவர் தம் பொறுப்பில் ஏறுக' என்று பலகை வைத்திருக்கிறோமே!"

இப்போதுதான் மந்திரி அறவாழி வாய் திறந்தார். "பலகை எங்கே இருந்தது?"

"பரண் உச்சியில்."

"ஏறாமல் அதை எப்படிப் படிப்பது ராயரே?"

சபை கொல்லென்று சிரித்தது. மந்திரி மாடத்தி பக்கம் திரும்பினார். "அம்மா, முறிந்த மரத்தை யாராவது பார்த்தார்களா?"

"பார்த்தால் போதுமா? மறுநாளே அள்ளி எறிந்துவிடுவார்கள் என்று அப்போதே ஒரு துண்டு எடுத்து வைத்தேன். கூட நின்ற மூன்று பேர் பேரும் ஊரும் கேட்டு வைத்திருக்கிறேன்." மூட்டையை அவிழ்த்துக் கட்டையைக் கொடுத்தாள். மந்திரி விரலால் அழுத்தினார். உள்ளே முழுக்கக் கரையான். மாவு மாதிரி உதிர்ந்தது.

ராஜாவின் சிரிப்பு நின்றது. உதிர்ந்த தூளை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தான். "முறிவதற்கு முந்தின வாரம் நானும் இதில்தான் ஏறி நின்றேன்" என்றான் மெதுவாக.

பிறகு தீர்ப்புச் சொன்னான். "சடையன் ஓடும்வரை அரண்மனை வைத்தியம். அதுவரை அவன் வீட்டு உலைக்கு நம் களஞ்சியம் பொறுப்பு. இந்த மண்ணில் கால் வைத்தவர் எந்த ஊராராயிருந்தாலும் இந்த மண்ணின் நீதி அவருக்கும் உண்டு. மாடத்தி, அருவியில் எது சரியில்லை என்று நீயே சுற்றிப் பார்த்துச் சொல், சொன்னபடி செய்யப்படும். மாணிக்கராயரே, உமக்குப் பதவி போகாது. புதுப் பரண் கட்டும். தினமும் காலையில் ஜனங்கள் ஏறுவதற்கு முன்னால் நீர் உச்சிக்கு ஏறி மூன்று தடவை குதித்துக் காட்டும்."

அன்று முதல் மாணிக்கராயர் ஒவ்வொரு மரத்தையும் தட்டித் தட்டிக் காது வைத்துக் கேட்டார். பொழுது விடிந்தால் பரணில் ஏறி, கண்ணை இறுக மூடிக்கொண்டு, குலதெய்வத்தைக் கூப்பிட்டபடி தொம் தொம் தொம்மென்று குதித்தார். அதற்குப் பிறகு அங்கே ஒருவரும் விழவில்லை. அருவி பார்க்க வந்தவர்கள் மட்டும், கொஞ்சம் சீக்கிரமாகவே வர ஆரம்பித்தார்கள்.