மேனேஜர் சாப்பிட வந்த நாள்

மதுரையில் ஒரு நாலு மாடி ஜவுளிக்கடை. சேலை திருடு போய்விடுமாம். அதனால் வேலை பார்க்கும் பெண்கள் மதியம் மாடி குடோனில் சாப்பிடும்போது வெளியே பூட்டச் சொல்லியிருந்தார் மேனேஜர் சபாபதி. சாவி அவர் சட்டைப்பையில்.

“பூட்டாதீங்க சார், பயமா இருக்கு,” என்றாள் சேலைப் பிரிவு செண்பகவல்லி.

“இது செக்யூரிட்டிம்மா!”

“அப்ப சேஃப்டி, சார்?”

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். “ரெண்டும் ஒண்ணுதான். வேறன்னு காட்டு, பூட்டை எடுத்துடறேன். காட்டலைன்னா நாளையிலேர்ந்து வேலைக்கு வராதே.”

“சரிங்க சார். இன்னைக்கு எங்களோட சாப்பிட வாங்க.”

வந்தார். புளிச்சோறு வைத்தார்கள். வாட்ச்மேன் வழக்கம்போல வெளியே பூட்டை அமுக்கிவிட்டுக் கீழே போனார்.

“சேலை ஒண்ணும் வெளியே போகாது. இது செக்யூரிட்டி. இப்பத் தீப்பிடிச்சா நாம எப்படி சார் வெளியே போறது?” என்றாள் செண்பகவல்லி.

“சாவிதான் என்கிட்ட இருக்கே!” என்று பையைத் தட்டினார்.

“பூட்டு வெளியில இருக்கே, சார்.”

மென்றுகொண்டிருந்த வாய் நின்றது. ஓடிப்போய்க் கதவைத் தட்டினார், கத்தினார். வாட்ச்மேன் வந்ததும் மண்டிபோட்டு, கதவுக்கடியில் சாவியைத் தள்ளினார்.

மறுநாள் மதியம் குடோன் கதவு திறந்தே கிடந்தது. சேலை எதுவும் வெளியே போகவில்லை. புளிச்சோற்று வாசம்தான் கீழ்த்தளம் வரைக்கும் போனது.