ஃபியூஸில் சுற்றிய தாள்

சீடருக்கு வயது ஐம்பத்தெட்டு, குருவுக்கு முப்பத்தாறு.

புளியங்குடியில் வண்டி வயரிங் பார்க்கும் எப்சிபாவிடம், எலுமிச்சை லோடு அடிக்கும் சொரிமுத்து தானாக வந்து சேர்ந்திருந்தார். அவருடைய பழைய பிக்கப் வண்டி ஆரியங்காவு மலைப்பாதையில் புகைந்து, சாவிக்குப் போகும் வயரெல்லாம் கருகிவிட்டது. இனி அந்த வண்டியில் தன் கை மட்டும்தான் படவேண்டும் என்று பிடிவாதம். பிடிவாதத்தில் அவரை அடித்துக்கொள்ள ஊரில் ஆள் கிடையாது.

"மேஸ்திரியம்மா, ஒரு சந்தேகம். ஃபியூஸ் போகாம இருக்கதுக்கு என்ன செய்யணும்?"

எப்சிபா ஸ்டியரிங்குக்குக் கீழே கருகிக் கிடந்த வயரைப் பிரித்துக் காட்டினாள். இரும்புப் பட்டையில் உரசி உரசி ஓரிடத்தில் உறை தேய்ந்திருந்தது. உள்ளே செம்பு தெரிந்தது.

"கோளாறு இந்த ஒரு இடந்தான், அண்ணாச்சி. வண்டி குலுங்கும்போது இது இரும்புல படும். உடனே, வயர் கருகாம இருக்க, ஃபியூஸ் போயிரும், வண்டி நின்னுரும்."

"ஆமா, அடிக்கடி நின்னுச்சு. சனியன் பிடிச்ச ஃபியூஸ்."

"நிக்கும்போது என்ன செஞ்சீங்க?"

"வேற ஃபியூஸ் மாட்டுவேன். பிறகு அந்தத் தொந்தரவும் போயிருச்சு. பல மாசமா வண்டி நல்லாத்தான் ஓடுச்சு."

எப்சிபா ஃபியூஸ் பெட்டியைத் திறந்து, குறடால் ஒன்றைப் பிடுங்கி எடுத்தாள். கண்ணாடிக் குழாயைச் சுற்றி வெள்ளித்தாள் இறுக்கிச் சுற்றியிருந்தது.

"சிகரெட் தாளா?"

"எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது."

அவள் தாளைப் பிரித்தாள். கரி படிந்த ஓரத்தில் பாதி எழுத்து இருந்தது. மாத்திரை அட்டையிலிருந்து கிழித்த தாள்.

சொரிமுத்து அதையே பார்த்தார்.

"இசக்கியம்மா கொடுத்தது" என்றார். "லோடுக்குக் கூடவே வருவால்லா. மலையில வண்டி நின்னுபோச்சு, கையில ஃபியூஸ் இல்ல. அவ வயித்து வலின்னு மாத்திரை போட்டா. அந்தத் தாளை வாங்கிச் சுரண்டி, போன ஃபியூஸ் மேலயே சுத்தினேன், கரண்ட் தாள் வழியாப் போயி வண்டி கிளம்பிருச்சு. 'பாத்தியாட்டி, உன் மருந்து வண்டிக்கும் கேக்குது'ன்னேன். சிரிச்சா."

இசக்கியம்மாள் அவருடைய மனைவி. போன மாதம்தான் இறந்துபோனாள். வயிற்றில் கட்டி. டாக்டர் பார்க்கும்போது எல்லாம் முற்றியிருந்தது.

எப்சிபா குறடைக் கீழே வைத்தாள்.

"வலின்னு சொல்லும்போதெல்லாம் நாந்தான் மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். ஆஸ்பத்திரின்னா ஒரு லோடு போயிருமே. போட்டதும் சரியாயிரும். கடைசியில வலின்னு சொல்லுததையே விட்டுட்டா. மாத்திரையை மட்டும் கேட்டு வாங்கிப் போட்டுக்கிடுவா. நல்லாத்தான் இருக்கான்னு நெனச்சேன். அவ்வளவு வலி இருந்தா எங்கிட்டச் சொல்லியிருக்க மாட்டாளா, மேஸ்திரியம்மா?"

ஆமாம் என்ற ஒரு சொல்லுக்காக அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதைச் சொல்லிவிடலாமா என்று அவளுக்கும் தோன்றியது.

எப்சிபா தாளை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"இதைச் சுத்தின பிறகு ஃபியூஸ் ஒருக்காவது போச்சா, அண்ணாச்சி?"

சொரிமுத்து தாளின் சுருக்கங்களை விரலால் நீவிக்கொண்டே இருந்தார்.