சோமாசிக்கு ஓரம் பின்னிய கதை

பூனையும் எறும்பும் மனிதரோடு சரிக்குச் சரி வாயாடிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில் சோமாசிக்கு ஓரப் பின்னல் கிடையாது. மாவை வட்டமாகத் தேய்ப்பார்கள், பூரணத்தை வைப்பார்கள், பாதியாக மடித்து விளிம்பை அழுத்துவார்கள். முடிந்தது வேலை.

உலகம்மாள் வீட்டிலும் அப்படித்தான். தீபாவளிக்கு நாலு நாள் இருக்கும்போது, மருமகள் செண்பகவடிவு சுட்ட சோமாசி ஒரு தட்டு நிறைய, மகளைக் கட்டிக்கொடுத்த சம்பந்தி வீட்டுக்குப் போயிற்று. மறுநாள் அதில் ஏழு திரும்பி வந்தன. ஒவ்வொன்றிலும் பல் தடம். உள்ளே வெறும் காற்று.

“பூரணம் எங்கேடி?”

“வைத்தேனே அத்தை.”

“வைத்தது கால் முளைத்து உன் அம்மா வீட்டுக்கு நடந்து போயிற்றோ?”

“நேற்று வந்தவளை நம்பி அடுக்களையை விட்டால் இப்படித்தான்,” என்றார் மாமனார் தெய்வநாயகம். முருகனுக்கு வேண்டிக்கொண்டு பலகாரத்தையே விட்டவர். அவர் பேச்சுக்கு அந்த வீட்டில் தனி மதிப்பு.

முதலில் பூனையைக் கூப்பிட்டு விசாரித்தார்கள்.

“எது தொலைந்தாலும் நான்தானா? எனக்கு இனிப்பு ருசியே தெரியாது. போன வாரம் தயிர்ச் சட்டியை நக்கியது நான். அதை ஒத்துக்கொள்கிறேன், போதுமா?”

அடுத்து எறும்புகள். “நாங்கள் ஓட்டை போட்டுத் தின்போம். தின்றபின் கதவைச் சாத்திவிட்டுப் போகிற பழக்கம் எங்கள் குலத்திலேயே இல்லை.”

அதுவும் சரிதான். எண்ணெயில் போடுவதற்கு முன்னால், காயாமல் இருக்கப் போர்த்திய ஈரத்துணிக்கடியில் இருக்கும்போதே யாரோ திறந்து, வழித்துத் தின்று, திரும்ப அழுத்தி வைத்திருக்கிறார்கள். காலிச் சோமாசி இன்னும் நன்றாகவே உப்பும். வெளியே தெரியுமா என்ன? திரும்ப மூடுவதற்குக் கை வேண்டும். உலகம்மாள் மருமகளின் கையைப் பார்த்தாள்.

“நாளைக்கு மறுபடி சுடு. அதில் ஒன்று காலியாக இருந்தாலும் மூட்டையைக் கட்டு. தீபாவளியை உன் அம்மா வீட்டிலேயே கொண்டாடு.”

மறுநாள் வடிவு அறுபது சோமாசி மடித்தாள். அவளுக்கும் எல்லார் மேலும் சந்தேகம். பூனை மேல், எறும்பு மேல், அத்தை மேலும்தான். அதனால் விளிம்பை வெறுமனே அழுத்தவில்லை. கிள்ளி மடித்து, கிள்ளி மடித்து, சடை பின்னுவதுபோல ஓரம் முழுக்கப் பின்னினாள். ஈரத்துணியைப் போர்த்திவிட்டுக் குளிக்கப் போனாள்.

திரும்பி வந்து துணியைத் தூக்கினால், மூன்று சோமாசிக்குப் பின்னல் இல்லை. சப்பென்று அழுத்திய விளிம்பு.

எல்லாரையும் கூப்பிட்டாள். “அத்தை, இதில் ஒன்றைப் பின்னுங்கள்.”

“எனக்கே பாடமா?” என்றாள் உலகம்மாள். ஆனாலும் பதினைந்து வருஷம் மகளுக்குச் சடை போட்ட விரல். பக்கத்துச் சோமாசியை ஒரு பார்வை பார்த்துவிட்டு அப்படியே பின்னிவிட்டது. அத்தை எடுத்திருந்தால் பின்னியே மூடியிருப்பாள். ஒரு சந்தேகம் கழிந்தது.

“மாமா, நீங்களும் ஒன்று.”

“பொம்பளை வேலை எனக்கு எதற்கு?”

“சும்மா பின்னுங்களேன், பார்ப்போம்,” என்றது பூனை.

தெய்வநாயகம் கட்டைவிரலால் சப்பென்று அழுத்தினார். அதற்குள் எறும்புகள் அவர் வேட்டியில் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன. உலகம்மாள் எழுந்து வந்து அவர் மடியைப் பிடித்து உதறினாள். பொட்டுக்கடலை மாவும் தேங்காயும் சர்க்கரையும் தரையெல்லாம் கொட்டின.

“முருகனுக்கு வேண்டிக்கொண்டீர்களே!”

“பலகாரத்தைத்தானே விட்டேன்? வேகாத பூரணம் பலகாரத்தில் சேருமா?”

பூனை விழுந்து விழுந்து சிரித்தது. உலகம்மாள் சிரிக்கவில்லை. மருமகளிடம் மன்னிப்பும் கேட்கவில்லை. மாமியார்கள் மன்னிப்புக் கேட்பது அந்தக் காலத்திலும் கிடையாது.

“நகர்ந்து உட்கார்,” என்றாள். “அந்த மூன்றையும் பிரித்து, பூரணம் வைத்துப் பின்னுவோம்.”

வடிவு நகர்ந்து இடம் கொடுத்தாள். அத்தை பின்னி வைத்ததையும் ஒருமுறை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் எண்ணெயில் போட்டாள்.

சோமாசியின் ஓரத்தில் இன்றைக்கும் இருக்கிற பின்னல் அன்று விழுந்ததுதான். அதெல்லாம் அழகுக்காக என்று உங்கள் வீட்டில் யாராவது சொன்னால், முதலில் அவர் மடியை உதறிப் பாருங்கள்.