செருப்பு தைக்க மறுத்த வெண்ணி

பிள்ளைகளே, கேளுங்கள். பெரியவர்களும் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். ஏரி நிறைந்தால் நாடு சிரிக்கும், ஏரி உடைந்தால் நாடு அழும் என்றிருந்த காலம் அது. அப்போது நெடுங்கரை என்று ஒரு சின்ன நாடு இருந்தது. அதைச் சேந்தி என்றொரு அரசி ஆண்டுவந்தாள்.

சேந்திக்கு முப்பது வயது. அவள் வழக்குக் கேட்டால் தோற்றவனும் மனம் ஆறித்தான் வீட்டுக்குப் போவான். அவளுக்கு இருந்த குறை ஒன்றே ஒன்று. அது அவளுடைய பாதம். உள்ளங்காலில் நமக்கெல்லாம் இருக்கிற குழிவு அவளுக்கு இல்லை. குளித்துவிட்டுப் படித்துறையில் ஏறினால், தோழிகளின் ஈரச் சுவடு நடுவில் ஒடுங்கி விழும். அவளுடைய சுவடு மட்டும் பலகையை வைத்து எடுத்ததுபோல முழுதாக விழும். சேந்தி அதை யாரும் பார்க்குமுன் சேலைத் தலைப்பால் துடைத்துவிடுவாள்.

நூறு அடி நடந்தால் பாதம் நோகும். இருநூறு அடியில் கணுக்கால் வீங்கும். முந்நூறு அடியில் கண்ணீர் வந்துவிடும். அவள் தத்தி நடந்த வயதிலேயே அதைப் பார்த்துவிட்ட அவள் தந்தை, "என் மகள் கால் மண்ணில் படக் கூடாது" என்று சொல்லிவிட்டார். அன்பினால் சொன்ன சொல்தான். உள்ளே கம்பளம், வெளியே பல்லக்கு என்று முப்பது வருடம் ஓடிவிட்டது.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் இருந்தது. மழைக்காலத்துக்கு முன்னால், நாட்டை ஆள்பவர் பேரேரிக் கரையை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை நடந்து பார்க்க வேண்டும். கரையின் வெளிச்சரிவில் ஓர் ஒற்றையடிப் பாதை. அரைக் காத தூரம். சரிவுக்குக் கீழே ஏழு ஊர்கள். கரை உடைந்தால் ஏழும் போய்விடும்.

சேந்தி பட்டத்துக்கு வந்த முதல் வருடம், கரையின் மேலே பல்லக்கில் போனாள். ஏழு ஊராரும் பேசாமல் இருந்தார்கள். இரண்டாம் வருடமும் பல்லக்கில் போனாள். ஏழு ஊராரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மூன்றாம் வருடம், தை பிறந்ததும் ஏழு ஊராரும் அரண்மனைக்கே வந்துவிட்டார்கள்.

"தாயே, உங்கள் கால்நோவு எங்களுக்குத் தெரியாதது இல்லை" என்றார் அவர்களுக்குத் தலைவரான ஆதன். "ஆனால் சரிவில் பல்லக்கு போகாது. வருகிற புரட்டாசியிலும் நீங்கள் நடக்க முடியாவிட்டால், நடக்கக்கூடிய ஒருவரை அரியணைக்கு நாங்கள் தேட வேண்டியிருக்கும். எங்களுக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது."

அவர்கள் சொன்னது தப்பு என்று தோன்றியிருந்தால் சேந்தி கோபப்பட்டிருப்பாள். சரி என்று தோன்றியதுதான் அவளை வாட்டியது.

மறுநாள் முரசறைந்தார்கள். அரசி கரையில் நடக்க ஏற்ற செருப்பைச் செய்து தருபவருக்கு ஓர் ஊரையே வரியில்லாமல் எழுதித் தருவதாக அறிவித்தார்கள்.

முதலில் வந்தவன் இலவம்பஞ்சு அடைத்த செருப்பைக் கொண்டுவந்தான். மூன்று நாள் மேகத்தில் நடப்பதுபோல இருந்தது. நான்காம் நாள் பஞ்சு அமுங்கிப்போயிற்று. நோவு திரும்பி வந்தது.

இரண்டாவதாக வந்தவன் மான்தோலை ஏழு மடிப்பாக மடித்துத் தைத்து, நடுவில் ஒரு மேடு வைத்திருந்தான். அது பாதத்தைத் தாங்கிப் பிடித்தது. நோவும் குறைந்தது. ஆனால் பத்து நாள் கழித்து, அதைக் கழற்றிவிட்டுக் குளியலறைக்குள் போகவே அவளால் முடியவில்லை.

மூன்றாவதாக வந்தவள் வெண்ணி. அரசியின் வயதுதான் இருக்கும். பனையிலிருந்து விழுந்த புருஷன் படுக்கையில் கிடந்தான். அவனுடைய ஊசியை எடுத்துச் செருப்பு தைத்து வீட்டில் நாலு வயிற்றை நிரப்பிக்கொண்டிருந்தவள் அவள்.

"செருப்பு எங்கே?" என்று கேட்டாள் சேந்தி.

"கொண்டுவரவில்லை, தாயே. முதலில் காலைப் பார்க்கணும்."

வெண்ணி அரசியின் பாதத்தை மடியில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். பிறகு, சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி, நுனிக்காலில் நிற்கச் சொன்னாள். அப்படி நின்றபோது பாதத்தின் உட்புறம் லேசாக வளைந்து எழுந்தது. குதிகாலை இறக்கியதும் அந்த வளைவு மறைந்துவிட்டது.

"வளைவு உள்ளேதான் இருக்கிறது. அதைத் தூக்கி நிறுத்தத்தான் காலுக்குத் தெம்பு இல்லை" என்றாள் வெண்ணி. பிறகு ஒரு செம்புத் தண்ணீரைத் தன் காலில் ஊற்றிக்கொண்டு கல்தரையில் நாலடி நடந்தாள்.

சேந்தி அந்தச் சுவடுகளைப் பார்த்தாள். நாலும் பலகைபோல முழுதாக இருந்தன.

"எனக்கும் பிறவியிலேயே இப்படித்தான், தாயே. ஆனால் தோல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு சந்தைக்கு ஒரு காதம் வெறுங்காலோடு நடக்கிறேன். சின்ன வயதில் எனக்குச் செருப்பு வாங்கித் தர ஆள் இல்லை. அதனால் கால் தானே பழகிக்கொண்டது."

சேந்தி குனிந்து வெண்ணியின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"பஞ்சைவிட மெத்தென்ற செருப்பு எனக்குத் தைக்கத் தெரியும். தைத்தால் ஊர் கிடைக்கும், என் வீட்டில் அடுப்பு எரியும். ஆனால் வருகிற வருடம் உங்கள் கால் இன்னும் நலிந்துபோயிருக்கும். அதனால் தைக்க மாட்டேன்."

"தைக்காவிட்டால் உனக்கு என்ன கிடைக்கும்?"

"உங்கள் காலும் என் கால்போலத்தானோ என்று சந்தேகம் இருந்தது. அதைத்தான் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன்" என்றாள் வெண்ணி. "ஒன்றும் தோன்றவில்லை."

அன்றே சேந்தி, தன் காலைப் பழக்கத் தினமும் அரண்மனைக்கு வந்துபோகும்படி அவளிடம் சொன்னாள்.

விடிந்ததும் ஆற்றுமணலில் வெறுங்காலோடு நூறு அடி. வந்து உட்கார்ந்ததும், தரையில் கொட்டிய புளியங்கொட்டைகளைக் கால்விரலால் ஒவ்வொன்றாகக் கவ்வி எடுத்துக் கிண்ணத்தில் போட வேண்டும். சாயங்காலம் சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்க வேண்டும். இவ்வளவுதான் வெண்ணி சொன்ன மருந்து. முதல் நாள் இருபது கொட்டையில் ஒன்றைத்தான் அரசியால் எடுக்க முடிந்தது. அதுவும் கிண்ணத்துக்கு வெளியே விழுந்தது.

பத்தாம் நாள் சேந்திக்கு அவசரம் பிடித்துக்கொண்டது. வெண்ணி வராத நேரம் பார்த்துக் கப்பிக்கல் பாதையில் ஆயிரம் அடி நடந்தாள். கால் பூசணிக்காய்போல வீங்கிவிட்டது. "அந்த மான்தோல் செருப்பை எடுத்து வாருங்கள்" என்று சொல்லிவிட்டு ஆறு நாள் படுத்துக் கிடந்தாள்.

வெண்ணி வந்து கட்டிலின் பக்கத்தில் உட்கார்ந்தாள். திட்டவில்லை. வெந்நீர் ஒத்தடம் கொடுத்தபடி சொன்னாள்: "அசதி வேறு, வலி வேறு, தாயே. அசந்துபோனால் நாளைக்கும் நடக்கலாம். வலித்தால் நிறுத்திவிட வேண்டும். முப்பது வருடம் தூங்கின காலைப் பத்து நாளில் எழுப்ப முடியாது."

"புரட்டாசிக்குள் முடியுமா?"

"தெரியாது. ஆனால் இன்றைக்கு நூறு அடி முடியும்."

மறுபடியும் நூறு அடியிலிருந்து தொடங்கினார்கள். மாசியில் மணல். சித்திரையில் வெயில் ஏறுமுன் புல்தரை. ஆடியில் உழுத வயல். வயலில் நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்கள் முதல் வாரம் அரசியைப் பார்த்ததும் ஒதுங்கி நின்றார்கள். அடுத்த வாரம் வேலையை நிறுத்தவில்லை. அதற்கும் அடுத்த வாரம் ஒருத்தி, யாரென்று நிமிர்ந்து பார்க்காமலே, "அந்த நாற்றுமுடியை இப்படிப் போடும்மா" என்றாள். சேந்தி போட்டாள். அன்று முழுவதும் அவள் முகத்தில் சிரிப்பு அடங்கவில்லை.

வளைவு வந்ததா என்று கேட்பீர்கள். நகம் நுழையும் அளவுக்கு வந்தது. அவ்வளவுதான். ஆனால் இருபது கொட்டையும் கிண்ணத்துக்குள் விழுந்தன. காலையில் எழுந்ததும் முதல் அடியில் கத்தியாகக் குத்தும் வலியும் போய்விட்டது.

புரட்டாசி வந்தது. அந்த வருடம் ஆவணியிலேயே ஆற்றில் புதுவெள்ளம் வந்து ஏரி முக்கால் நிரம்பியிருந்தது. சேந்தி வெறுங்காலோடு கரைச்சரிவில் இறங்கினாள். பக்கத்தில் ஆதன், முள்ளுக்குப் பயந்து தடித்த செருப்புப் போட்டுக்கொண்டு வந்தார். பின்னால் ஏழு ஊராரும், அவர்களோடு வெண்ணியும் வந்தார்கள்.

கால்வாசி தூரத்தில் அசதி வந்தது. உட்கார்ந்து எழுந்தாள். பாதி தூரத்தில் மறுபடி உட்கார்ந்து எழுந்தாள். முக்கால்வாசி தூரத்தில் நின்றுவிட்டாள்.

"முடியவில்லையா தாயே? இவ்வளவு நடந்ததே போதும்" என்றார் ஆதன். உண்மையான இரக்கத்தோடுதான் சொன்னார்.

"முடிகிறது. ஆனால் இந்த இடம் குளிர்ந்திருக்கிறது" என்றாள் சேந்தி.

பார்த்தால் எங்கும் காய்ந்த புழுதிதான். ஆதன் அந்த இடத்தில் நின்று பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நின்று பார்த்தார். அவர் முகம் வெளுத்துவிட்டது.

மண்வெட்டி வந்தது. ஒரு முழம் வெட்டுவதற்குள் மண் கூழாகக் குழைந்தது. உள்ளே நண்டு வளைகள் வரிசையாக ஏரிவரை போயிருந்தன. தண்ணீர் நூலாகக் கசிந்துகொண்டிருந்தது. ஏழு ஊராரும் மூன்று நாள் களிமண் சுமந்து, மிதித்து, இடித்து அடைத்தார்கள். சேந்தி அன்று மீதித் தூரத்தையும் நொண்டி நொண்டி நடந்து முடித்த பிறகுதான் பல்லக்கில் ஏறினாள்.

ஐப்பசியில் பதினோரு நாள் விடாமல் மழை கொட்டியது. ஏரி ததும்பியது. கரை நின்றது.

மழை விட்டதும் சேந்தி சபையில் வெண்ணிக்கு ஊர் எழுதிக் கொடுத்தாள். மற்ற இரண்டு செருப்புக்காரர்களும் எழுந்தார்கள். "முரசில் செருப்பு என்றுதானே சொன்னார்கள்? இவள் ஒரு வாரைக்கூடத் தைக்கவில்லையே" என்றார்கள்.

"முரசில் தப்பாகச் சொல்லிவிட்டார்கள். சொல்லச் சொன்னவள் நான், தப்பு என்னுடையது" என்றாள் சேந்தி. "நீங்கள் எனக்குப் பிடித்ததைக் கொடுத்தீர்கள். இவள் தன் வீட்டுப் பட்டினியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எனக்கு வேண்டியதைச் சொன்னாள்."

வெண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, உச்சி வெயிலுக்கும் முள்காட்டுக்கும் மட்டும் போட்டுக்கொள்ளச் சொல்லி, மெல்லிய அடித்தோல் வைத்த ஒரு சோடிச் செருப்பை அரசிக்குத் தைத்துக் கொடுத்தாள்.

இந்தக் கதை சொல்லும் நீதி இதுதான்: நோகிறதே என்று பொத்திப் பொத்தி வைத்தது நலிந்துபோகும், பொறுமையாகப் பழக்கி வேலை கொடுத்ததே வலுப்பெற்று நம்மைத் தாங்கும்.