வெட்டாத பக்கங்கள்

"அந்தப் பொண்ணு பேரை நீக்கிடுங்கம்மா," என்றார் பெருமாள்சாமி.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். வயது அறுபத்திரண்டு. இணைய அகராதி வேலை கற்றுக்கொள்ள, தன்னைவிட இருபது வயது இளையவரான செல்வராணியிடம் வந்து சேர்ந்தவர்.

அந்த அகராதியில் ஒவ்வொரு சொல்லுக்குக் கீழேயும் பழைய சிறுகதையிலிருந்து ஒரு வரி இருக்கும். பக்க எண் இருக்கும். வரியைக் கொடுத்தவர் பெயரும் இருக்கும்.

"எந்தப் பொண்ணு சார்?"

"கோவில்பட்டி பேச்சியம்மாள். துணிக்கடையில நிக்கிற பொண்ணு. நானூறு மேற்கோள் குடுத்திருக்கா. அத்தனையும் கைச்சரக்கா இருக்குமோன்னு எனக்குச் சந்தேகம்."

சந்தேகம் வந்தால் சோறு இறங்காது. அவருக்கு மூன்று நாளாக இறங்கவில்லை.

"எதை வச்சுச் சொல்றீங்க?"

"மாவு அரைக்கிற 'திரிகை'ங்கிற சொல்லைப் பாருங்க. 'திரிகை நின்ற பிறகுதான் உள்ளே அழுகிற சத்தம் கேட்டது.' ஒரு பழைய கதைப் புத்தகத்துல நாற்பத்தேழாம் பக்கமாம். இணையம் முழுக்கத் தேடிட்டேன், எங்கயும் இல்ல. அதே புத்தகத்துல ஐம்பத்து மூணாம் பக்கம்னு போட்டு, உறியில மோர் தொங்குற வரி ஒண்ணு 'உறி'க்கு நான் குடுத்தேனே, அதைத் தேடுங்க. எட்டு இடத்துல வரும்."

"நாலு வருஷ உழைப்பு சார். பேரை நீக்கினா அத்தனையும் அழிஞ்சுடும்."

"அழியட்டும். பொய்யா ஒரே ஒரு மேற்கோள் குடுத்திருந்தாலும் அவங்க பேர் இங்க இருக்கக் கூடாது."

செல்வராணி மேலே வாதாடாமல் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். எழுந்துபோய் அலமாரியிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டினார். பழம் நறுக்கும் கத்தியையும் சேர்த்துப் பெருமாள்சாமி கையில் கொடுத்தார்.

"கத்தி எதுக்கும்மா?"

"பிரிச்சுப் பாருங்க."

பிரிக்க வரவில்லை. எழுபது வருஷத்துக்கு முந்தைய பதிப்பு. ஓரம் வெட்டாமலே கட்டியிருந்தார்கள். தாள்கள் மேல்விளிம்பில் ஒன்றோடொன்று ஒட்டியபடியே இருந்தன. இந்தப் பிரதியை ஒருவரும் படித்ததில்லை.

பெருமாள்சாமி இப்போது செல்வராணியையும் சந்தேகமாகப் பார்த்தார்.

"நீங்களும் படிக்கலையா?"

"இல்ல சார். வெட்டுங்க."

வெட்டினார். நாற்பத்தேழாம் பக்கம் வந்தது.

அழுகிற சத்தம் ஏழாவது வரியில் கேட்டது. எழுத்து பிசகாமல் அப்படியே இருந்தது.

"எங்க ஊர் நூலகத்துல படிச்சேன்னு குறிப்பு எழுதியிருந்தா," என்றார் செல்வராணி. "நீங்க பாக்கல போல."

பெருமாள்சாமிக்கு முகம் சுண்டிவிட்டது. ஆனாலும் கத்தியைக் கீழே வைக்கவில்லை. ஒவ்வொரு தாளாக வெட்டிக்கொண்டே போனார். ஐம்பத்து மூன்றாம் பக்கத்தில் நின்றார்.

ஒருமுறை படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார். முன்னும் பின்னும் புரட்டினார். பிறகு புத்தகம் முழுவதையும் வெட்டிப் பார்த்தார். வெளியே வெயில் சாய்ந்துவிட்டது.

"உறியும் இல்ல, மோரும் இல்லம்மா," என்றார் மெதுவாக. "அந்த வரியே இந்தப் புத்தகத்துல இல்ல."

"எட்டு இடத்துல வருதே சார்?"

அவர் கத்தியைக் கீழே வைத்தார்.

செல்வராணி கணினியைத் திறந்தார். 'உறி'யைத் தட்டினார். வரிக்குக் கீழே இருந்த பெயரின்மேல் சுட்டியைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினார்.

"நீக்கிடலாமா சார்?"