மாப்பிள்ளையைக் காப்பாற்றும் மானிட்டர்

காந்திபுரத்தில் ஒரு பேக்கரியின் மாடியில் கேமிங் சென்டர் நடத்திவந்தார் ஒரு குரு. பெயர் தாரணி. வயது இருபத்து மூன்று. கேட்டால் பதில் சொல்வார். கேட்காவிட்டால் நகம் கடித்துக்கொண்டு சும்மா இருப்பார்.

அவருக்கு ஒரு சீடர் இருந்தார். குழந்தைசாமி, பம்ப்செட் கடைக்காரர், வயது ஐம்பத்தாறு. தன் மகளைவிடச் சின்னப் பெண்ணைக் குருவாக ஏற்றுக்கொள்வதில் அவருக்கு ஒரு சங்கடமும் இருக்கவில்லை. வாய் நிறைய 'அம்மணி' என்றுதான் கூப்பிடுவார். கூப்பிடும்போது தோளில் கிடக்கும் துண்டு தானாக இடுப்புக்கு வந்துவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் குழந்தைசாமி தன் கம்ப்யூட்டரையும் மானிட்டரையும் போர்வையில் மூட்டை கட்டித் தூக்கிக்கொண்டு மாடியேறி வந்தார்.

"என்னங்ணா, வீட்டைக் காலி பண்ணிட்டீங்களா?" என்றார் குரு.

"இல்லீங்க அம்மணி. போன வாரமும் மாப்பிள்ளை செத்துப்போயிட்டாருங்க."

விளையாட்டில்தான். நிஜ மாப்பிள்ளை பெங்களூரில் நன்றாக இருந்தார். பெயர் ஜெபின், ஊர் நாகர்கோவில். குழந்தைசாமியின் மகள் மிருதுளா இரண்டு வருடத்துக்கு முன்னால் அவரைத்தான் கட்டுவேன் என்று சொல்லிக் கட்டினாள். குழந்தைசாமி முதலில் முடியாது என்றார், பிறகு முறுக்கிக்கொண்டார், கடைசியில் கல்யாணத்துக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார். அன்றிலிருந்து மாமனாரும் மாப்பிள்ளையும் பேசிக்கொண்டது இரண்டே வார்த்தை. வாங்க. சாப்பிடுங்க.

இது ஆகிற கதையில்லை என்று மிருதுளா ஒரு வழி கண்டுபிடித்தாள். துப்பாக்கிச் சண்டை விளையாட்டு ஒன்றில் இரண்டு பேரையும் ஒரே அணியில் சேர்த்துவிட்டாள். ஞாயிறுதோறும் மத்தியானம் ஆட்டம்; மிருதுளாவும் மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து கேட்பாள். மாப்பிள்ளை முன்னால் போவார். அவர் முதுகைப் பார்த்துக்கொள்வது மாமனார் வேலை.

மாப்பிள்ளை வாராவாரம் முதுகில் சுடப்பட்டுச் செத்தார்.

"எதிரி வர்றது தெரியலீங்களா?" என்றார் குரு.

"எங்கீங்க தெரியுது? படம் கிழியுதுங்க. தலை ஒரு பக்கம் போவுது, இடுப்பு ஒரு பக்கம் வருது. நான் எதைன்னு நம்பறதுங்க? ரிஃப்ரெஷ் ரேட்டு பத்தலைன்னு நம்ம சிநேகிதர் சொன்னாருங்க. அதையும் செஞ்சு பாத்துட்டேன்."

"எதைங்ணா?"

"ரிஃப்ரெஷ்தானுங்க. மவுச வலது பக்கம் அமுக்குனா வருதே, அது. ஆட்டத்துக்கு முன்னாடி குளிச்சுப்போட்டு வந்து நூத்தியெட்டு தடவை அமுக்குனேன்."

குரு சிரிக்கவில்லை. குரு என்றால் அவ்வளவாவது இருக்க வேண்டும்.

"அப்புறம்?"

"துண்டுல தொடைச்சும் பாத்தேன். மாப்பிள்ளை செத்துட்டாருங்க."

"துண்டு மானிட்டருக்கு இல்லீங்ணா. கோடு விழுந்துரும்."

குழந்தைசாமி துண்டை இன்னும் கொஞ்சம் இறக்கிக்கொண்டார். அப்புறம் மெல்லச் சொன்னார்.

"புள்ள நேத்து போன் பண்ணுச்சுங்க. மாப்பிள்ளை சொல்றாராம், உங்கப்பா என்னை வேணும்னேதான் சாக விடறாரு, கல்யாணத்துல முடியாததை இதுல முடிச்சுக்கறாருன்னு. இன்னைக்கும் செத்தாருன்னா ஆட்டத்தையே நிறுத்திடறாங்களாம். ஆட்டம் போனாப் போகுதுங்க அம்மணி. அதுக்கப்புறம் அவருகிட்ட நான் என்னத்தப் பேசுவேன்?"

குரு மூட்டையை அவிழ்த்தார். மானிட்டர் நெற்றியில் சந்தனம், குங்குமம். ஆயுத பூஜைக்கு வைத்தது, அதை யாரும் அழிக்கவில்லை. ஒயரை மாட்டி ஓடவிட்டார்.

"மானிட்டர் எத்தனைங்ணா?"

"நூத்தி நாப்பத்தி நாலுங்க. செகண்டுக்கு அத்தனை தடவை படம் மாறுமாம். பெட்டி மேலயே பெருசா போட்டிருக்குதுங்க."

"உள்ள?"

"உள்ளயும் அதேதானுங்களே இருக்கும்?"

குரு செட்டிங்கைத் திறந்து காட்டினார். அறுபது என்று இருந்தது.

குழந்தைசாமிக்கு முகம் விழுந்துவிட்டது. "கடைக்காரன் ஏமாத்திப்போட்டானுங்களா?"

"கடைக்காரர் ஏமாத்தலீங்ணா. மானிட்டர் வாங்குனா மட்டும் பத்தாது. வாங்கியிருக்கேன்னு கம்ப்யூட்டர்கிட்டயும் சொல்லோணும்."

குழந்தைசாமி யோசித்தார். "ஆறு மாசமா ஊரெல்லாம் சொன்னேன். இதுகிட்ட மட்டும் சொல்லலீங்க."

குரு அறுபதை நூற்று நாற்பத்து நாலாக மாற்றினார். விளையாட்டுக்குள்ளே போய் அங்கேயும் மாற்றினார். படமும் திரையும் ஒத்துப்போக ஒரு சுவிட்சைத் தட்டிவிட்டார். அவ்வளவுதான் வேலை. தலையும் இடுப்பும் ஒன்று சேர்ந்தன.

"அடேங்கப்பா. எதிரி மீசை தெரியுதுங்க."

"மத்தியானம் இங்கயே ஆடுங்க," என்றார் குரு. "நானும் கேக்கறேன்."

மத்தியானம் ஆட்டம் தொடங்கியது. குழந்தைசாமி ஹெட்செட்டை மாட்டிக்கொண்டார். குரு இன்னொன்றை மாட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். திரை எண்ணெய் விட்ட மாதிரி ஓடியது. மாப்பிள்ளை ஒரு பாழடைந்த வீட்டுக்குள் நுழைந்தார். பின்பக்கக் கதவு அசைந்தது. துப்பாக்கி முனை தெரிந்தது.

குழந்தைசாமி பார்த்துவிட்டார். மைக்கில் சொன்னார்.

"மாப்பிள்ளைங்க, தப்பா எடுத்துக்காதீங்க, உங்களுக்குப் பின்னாடி அந்தக் கதவுகிட்ட ஒருத்தருங்க வந்து நின்னுட்டு..."

மாப்பிள்ளை செத்தார்.

"அப்பா," என்றாள் மிருதுளா ஹெட்செட்டில்.

"பரவால்ல அங்கிள்," என்றது ஜெபினின் குரல். ஐஸ் தண்ணீர் மாதிரி இருந்தது. "இன்னொரு ரவுண்டு இருக்கு. அதோட முடிச்சுக்குவோம்."

குழந்தைசாமி ஹெட்செட்டைக் கழற்றினார்.

"அம்மணி, இருநூத்தி நாப்பதுல ஒண்ணு இருக்குதாமுங்க. ஓடிப்போய் வாங்கிட்டு வந்தர்றேன். இன்னும் சித்த வேகமாத் தெரிஞ்சிருந்தா காப்பாத்தியிருப்பேனுங்க."

கீழே பேக்கரியிலிருந்து வந்த டீ மேசையில் இருந்தது. குரு அதைக் குடிக்காமல் கிளாஸ் பக்கத்தில் முழங்கையை வைத்தார். கிளாஸ் கொஞ்சம் நகர்ந்தது. இன்னும் கொஞ்சம் நகர்ந்தது.

"அம்மணி," என்றார் குழந்தைசாமி, "நான் சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க, உங்க கைகிட்ட டீ கிளாஸ் ஒண்ணு இருக்குதுங்க, அதை ஒருக்கா..."

கிளாஸ் விழுந்து உடைந்தது. டீ குழந்தைசாமியின் வேட்டியில் தெறித்தது.

"எப்பப் பாத்தீங்க?" என்றார் குரு.

"நகரும்போதே பாத்துட்டேனுங்க."

"அப்பக் கண்ணுக்கு ஒண்ணும் இல்லீங்ணா. மானிட்டருக்கும் ஒண்ணும் இல்ல."

குழந்தைசாமி உடைந்த கிளாஸைப் பார்த்தார்.

"ஆனா அவரு மாப்பிள்ளைங்களே அம்மணி, மரியாதை இல்லாம எப்படிங்க கூப்பிடறது?"

"சுடறவனுக்கு அது தெரியாதுங்ணா."

அடுத்த ரவுண்டு தொடங்கியது. குழந்தைசாமி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். மாப்பிள்ளை படிக்கட்டு ஏறினார். மேலே போய் ஜன்னல் வழியாக வெளியே குறி பார்த்தார். அவருக்குப் பின்னால் பீப்பாய் மறைவிலிருந்து ஒருவன் எழுந்தான்.

"டேய், பின்னாடி!"

சென்டரில் இருந்த பையன்கள் எல்லாரும் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். திரையில் ஜெபின் திரும்பினார். சுட்டார். பீப்பாய்க்காரன் விழுந்தான்.



குழந்தைசாமியின் துண்டு இடுப்புக்கு வந்துவிட்டது. கொங்கு நாட்டில் மாப்பிள்ளையை 'டேய்' என்று கூப்பிட்ட மாமனார் கதை அவர் கேள்விப்பட்டதில்லை. மைக்கைக் கிட்டே இழுத்தார்.

"மாப்பிள்ளைங்க, மன்னிச்சுக்கோணும், வாய் தவறி வந்துருச்சு, நான் எப்பவும் உங்களை அப்படி..."

"மாமா," என்றது ஹெட்செட். "அதெல்லாம் அப்புறம். இடது பக்கம் பாருங்க, இன்னொருத்தன் வாறான்."

இரண்டு வருடமாக அங்கிள் என்றே சொல்லிவந்த வாய் அது.

குழந்தைசாமி இடது பக்கம் பார்த்தார். ஆனால் சுடவில்லை. மவுசில் கை வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"சுடுங்ணா," என்றார் குரு.

"படம் மங்கலாத் தெரியுதுங்க அம்மணி. மறுபடியும் அறுபதுக்குப் போயிருச்சான்னு பாருங்க."

குரு எட்டி மானிட்டரைப் பார்த்தார். பிறகு சீடரைப் பார்த்தார்.

"மானிட்டர் நல்லாத்தான் இருக்குதுங்ணா. இப்ப அந்தத் துண்டை எடுங்க, கண்ணைத் தொடைங்க."