மாரக்காளின் மகளும் ராஜமாதாவின் மகனும்

மருதூர் ராஜாவுக்குக் காலையில் ஒரு சட்டம் போட்டால்தான் மத்தியானம் சோறு இறங்கும். அப்படிப் போட்டதுதான் காப்பகச் சட்டம். கவனிக்க ஆளில்லாத பிள்ளைகளை அரண்மனைக் காப்பகம் எடுத்து வளர்க்கும். நல்ல சட்டம்தான். எடுத்த பிள்ளையைத் திருப்பிக் கொடுப்பதில்தான் வம்பு.

பொரி வறுத்து விற்கும் மாரக்காள், புருஷன் இல்லாதவள், காய்ச்சலில் நினைவு தப்பிக் கிடந்தாள். மகள் குஞ்சம்மாவைக் காப்பகம் தூக்கிக்கொண்டது. சாமி புண்ணியத்தில் மாரக்காள் பிழைத்து எழுந்தாள். அடுப்பை மூட்டினாள். பிள்ளையைக் கேட்டுச் சபைக்கு வந்தாள்.

காப்பக அதிகாரி சேஷய்யா கனைத்துக்கொண்டார். "உன்னிடம் இருந்தபோது பிள்ளை எப்போதாவது கீழே விழுந்ததா?"

"நடக்கப் பழகும்போது விழாதாங்களா, சாமி?"

"விழுந்தது. அடித்ததுண்டா?"

"அடுப்புக்கிட்டே போனா முதுகிலே ஒண்ணு வைப்பேன்."

"அடித்தாள். பட்டினி?"

மாரக்காள் தலை குனிந்தாள். "நான் காய்ச்சல்ல கிடந்தப்போ..."

"மகாராஜா! விழுந்தது, அடிபட்டது, பட்டினி கிடந்தது. இப்படிப்பட்ட தாயிடம் பிள்ளையை விடக்கூடாது என்பது தங்கள் சட்டம்."

"இப்போ நான் நல்லா இருக்கேனே ராசா! வீட்டை வந்து பாருங்க. என் காதைப் பிடிச்சுக்காம அவ தூங்கமாட்டா."

ராஜாவுக்கு மனசு இளகத்தான் செய்தது. ஆனால் சட்டம் அவர் பெற்ற பிள்ளையாயிற்றே! "சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான். எனக்கே ஆனாலும் சரி" என்றார்.

விகடகவி ஞானமுத்து இதற்காகவே காத்திருந்தவர் போல எழுந்தார். நேரே சபையில் வீற்றிருந்த ராஜமாதாவிடம் போய்க் கும்பிட்டார்.

"தாயே, மகாராஜா சின்ன வயதில் விழுந்ததுண்டா?"

"எதிலிருந்து என்று கேள். தொட்டில், மாமரம், யானை. யானைதான் பாவம், பயந்துபோயிற்று."

சபை சிரித்தது. ராஜா நெளிந்தார்.

"அடித்ததுண்டா?"

"வாத்தியார் குடுமியைத் தூணில் கட்டினால் கொஞ்சவா முடியும்?"

"பட்டினி?"

ராஜமாதாவின் குரல் தழைந்தது. "எனக்கு அம்மை போட்டிருந்தது. யார் கொடுத்தும் தின்னாமல் என் கதவோரமே கிடந்தான்."

ஞானமுத்து திரும்பினார். "சேஷய்யா, மூன்றும் சரியாக இருக்கிறது. பிள்ளையைத் தூக்கும்!"

"எ... எந்தப் பிள்ளையை?"

"சிம்மாசனத்தில் உட்கார்ந்திருக்கிறதே, அதை."

"அடேய்! எனக்கு மீசை நரைத்துவிட்டது!" என்று ராஜா கத்தினார்.

"சட்டத்தில் மீசையைப் பற்றி ஒன்றுமில்லை, மகாராஜா. கிளம்புங்கள். காப்பகத்தில் கூழ் ஆறுகிறது."

"அம்மா, நீங்களாவது சொல்லுங்களேன்!"

"சட்டம் போட்டவன் நீ. போய்விட்டு வா" என்ற ராஜமாதா சேஷய்யாவைக் கூப்பிட்டார். "ஐயா, ராத்திரி விளக்கை மட்டும் அணைத்துவிடாதீர்கள். இவனுக்கு இன்னும் இருட்டென்றால் பயம்."

ராஜா மகுடம் நழுவச் சிரித்தார். "இது பெற்றவளைத் தவிர யாருக்குத் தெரியும்! சேஷய்யா, பழசைக் கிளறாதீர். தாய் இன்றைக்கு எப்படி இருக்கிறாள் என்று பாரும். குஞ்சம்மாவைக் கொண்டுவாரும்!"

குஞ்சம்மா வந்தாள். அம்மா மடியில் ஏறினாள். காதைப் பிடித்தாள். சபை நடுவிலேயே தூங்கிப்போனாள்.

ராஜா முத்துமாலையைக் கழற்றி ஞானமுத்துவுக்குப் போட்டார். பிள்ளை விழித்துவிடாமல் மெல்லக் கேட்டார். "ஏனப்பா, என் இருட்டுப் பயம் பகை ராஜாவுக்குத் தெரிந்துபோனால்?"

"கவலை வேண்டாம், மகாராஜா" என்று ஞானமுத்துவும் கிசுகிசுத்தார். "இனிமேல் பகலில் படையெடுத்து வரமாட்டான். அவ்வளவுதான்!"